அரிய ரத்தப் புற்றுநோய்க்கு நிபுணர் குழு: எதற்குப் போகலாம், எதைக் கேட்டு வாங்க வேண்டும்

மைலோஃபைப்ரோஸிஸ் (எலும்பு மஜ்ஜை நார்போல் இறுகிவிடும் நோய்), ஹேரி செல் லுக்கீமியா, வால்டன்ஸ்ட்ராம், சிஸ்டமிக் மாஸ்டோசைட்டோசிஸ் போன்ற நோய்களைப் பொதுப் புற்றுநோய்ப் பிரிவு டாக்டர் ஒருவர் விரல்விட்டு எண்ணும் அளவே பார்த்திருப்பார். அதனால்தான் ரத்தவியல் நிபுணர், திசுவை ஆராயும் பேத்தாலஜிஸ்ட், மரபணு ஆய்வகத்தார், மஜ்ஜை மாற்று டாக்டர், மருந்தாளுநர், சிறப்பு நர்ஸ் எல்லோரும் கூடி முடிவெடுக்கும் குழுக்கள் வந்தன. எங்கள் கணிப்பு இதுதான்: நோய் என்னவென்று உறுதிசெய்வதில் இந்தச் சேவை முதல் தரம். மருந்தைத் தொடங்கும்போதும் மாற்றும்போதும் அவசியம். மாதாமாதம் ரத்த எண்ணிக்கை பார்க்க அங்கே அலைவது வீண். கோட்டை விடுவதெல்லாம் பெரும்பாலும் குழுவுக்கும் உள்ளூர் மருத்துவமனைக்கும் நடுவில்.

பெரிய பலம், மாதிரியை மறுபடி பார்ப்பது. பிரான்ஸில் 2010-ல் தொடங்கிய லிம்ஃபோபாத் வலையமைப்பில் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்றுநோய்) மாதிரிகளை நிபுணர்கள் மீண்டும் பார்த்தபோது, ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் நோயின் வகையே மாறியது. அவற்றில் பெரும்பாலானவை சிகிச்சையையும் மாற்றக்கூடிய திருத்தங்கள். ஆனால் ரிப்போர்ட்டின் நகலை மட்டும் கொண்டுபோனால் இந்தப் பலன் கிடைக்காது. முதலில் பார்த்தவரின் கருத்தைத்தான் குழு படிக்கும், நோயை அல்ல. சாயமிட்ட ஸ்லைடுகளையும் பாரஃபின் பிளாக்கையும் (திசுவை மெழுகில் பதித்த கட்டி) கேட்டு வாங்கி அனுப்புங்கள்.

மஜ்ஜைப் பரிசோதனையில் கெடுவது அநேகமாக ஊசி போடும் இடத்திலேயே. முதலில் உறிஞ்சுவதை ஸ்லைடுக்குத் தர வேண்டும். அடுத்தடுத்து இழுக்க இழுக்க ரத்தம் கலந்து நீர்த்துவிடும். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் குழாய்க்குக் குழாய் மாறும்: மரபணுச் சோதனைக்கு ஈ.டி.டி.ஏ. குழாய், குரோமோசோம் சோதனைக்கு ஹெபாரின் குழாய். மாற்றிப் போட்டால் டி.என்.ஏ.வைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். சோதனைக்கு ஹெபாரின் குறுக்கே நிற்கும். குரோமோசோம் பார்க்க உயிருள்ள செல் வேண்டும் என்பதால் ஃபார்மலினில் (திசுவைக் கெடாமல் வைக்கும் திரவம்) போட்டது அதற்கு உதவாது. எலும்புத் துண்டு 1.5 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். அதைவிடச் சிறிதானால் நார்த்தன்மையின் அளவைச் சரியாகத் தரம்பிரிக்க முடியாது. துண்டை வலுவான அமிலத்தில் மென்மையாக்கினால் டி.என்.ஏ. சிதைந்துவிடும். உறிஞ்சும்போது ஒன்றுமே வரவில்லை என்றால் உடனே டாக்டரைக் குறை சொல்ல வேண்டாம். மைலோஃபைப்ரோஸிஸிலும் ஹேரி செல்லிலும் அப்படித்தான் ஆகும், அதுவே ஒரு துப்பு. மைலோஃபைப்ரோஸிஸில் தேடும் ஜாக்2, கேல்ஆர், எம்.பி.எல். மரபணு மாற்றங்களைக் கை ரத்தத்திலேயே பார்க்கலாம்.

நல்ல குழுவை ரிப்போர்ட்டை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். ஸ்லைடு, ஃப்ளோ சைட்டோமெட்ரி (செல்களின் மேலுள்ள அடையாளப் புரதங்களைப் பார்க்கும் சோதனை), குரோமோசோம், மரபணு நான்கையும் சேர்த்து ஒரே முடிவாக எழுதியிருப்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடா, அதே ஆண்டு வந்த சர்வதேச ஒருமித்த வகைப்பாடா என்றும் குறிப்பிட்டிருப்பார்கள். சில நோய்களில் இரண்டும் ஒத்துப்போவதில்லை. நான்கு ஆய்வகத்தின் நான்கு தாள்களை நோயாளியே ஃபைலில் கோத்துத் தூக்கிக்கொண்டு அலைகிறார் என்றால் அங்கே பெயரளவில்தான் குழு இருக்கிறது.

குழு கூடிப் பேசும் கூட்டத்தில் வழக்கமாக நோயாளி இருக்க மாட்டார். படிவத்தில் இல்லாதது பேச்சிலும் வராது. எடைக் குறைவு, இரவு வியர்வை, குளித்த பின் வரும் அரிப்பு, மண்ணீரல் அழுத்துவதால் நாலு வாயிலேயே வயிறு நிறைவது, இவையெல்லாம் எழுத்தில் போக வேண்டும். மைலோஃபைப்ரோஸிஸ் போன்ற ஜாக்2 வகை நோய்களுக்குப் பத்துக் கேள்விகள் கொண்ட அறிகுறிப் படிவம் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10, மொத்தம் 100. கூட்டத்துக்கு முன்பே நிரப்பிக் கொடுங்கள். முடிவுக் குறிப்பில் நோய், அபாய நிலை, என்ன சிகிச்சை, யார் பொறுப்பு, எப்போதைக்குள் என்பது இருக்க வேண்டும். “குழுவில் விவாதிக்கப்பட்டது” என்ற ஒற்றை வரி முடிவே அல்ல.

இனி ஓட்டைகள். மைலோஃபைப்ரோஸிஸுக்குத் தரும் ருக்ஸோலிடினிப் மருந்தை எடுத்துக்கொள்வோம். மைலோஃபைப்ரோஸிஸில் தட்டணுக்கள் 2 லட்சத்துக்கு மேல் இருந்தால் தினம் இருவேளை 20 மில்லிகிராம், 1 முதல் 2 லட்சம் என்றால் 15 என்று தொடங்குவது வழக்கம். காசநோய், ஹெபடைடிஸ் பி இரண்டையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். தட்டணு குறைந்ததைப் பார்த்து வெளியே யாராவது மருந்தைச் சட்டென்று நிறுத்தினால், சில நாட்களில் காய்ச்சல், மூச்சுத் திணறல், மண்ணீரல் வீக்கம் எல்லாம் திரும்பலாம். பூஞ்சைத் தொற்றுக்கு ஃப்ளூகோனசோல் சேர்த்தால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். இதைக் கண்காணிக்கத்தான் குழுவில் மருந்தாளுநர். அவர் இல்லாத குழுவுக்கு நாங்கள் மதிப்பெண் குறைப்போம்.

அதேபோல, ஹேரி செல்லுக்கு கிளாட்ரிபைன் என்ற மருந்து போட்டவருக்குக் கதிர்வீச்சு செய்த ரத்தமே ஏற்ற வேண்டும் என்று பிரிட்டிஷ் வழிகாட்டுதல் சொல்கிறது. வால்டன்ஸ்ட்ராமில் ரிட்டுக்ஸிமாப் மருந்து போட்டதும், அந்த நோயில் மிகும் ஐ.ஜி.எம். என்ற ரத்தப் புரதம் தற்காலிகமாக எகிறி ரத்தம் கெட்டியாகலாம். அதை நோய் முற்றியதாக நினைத்து மருந்தை மாற்றுவது தவறு. இந்த இரண்டு எச்சரிக்கையும் உள்ளூர் டாக்டருக்குப் போகும் கடிதத்திலும் நோயாளியின் பர்ஸில் இருக்கும் அட்டையிலும் இருக்க வேண்டும். பல இடங்களில் இரண்டிலும் இருப்பதில்லை.

மஜ்ஜை மாற்று டாக்டரை மிகத் தாமதமாகக் கூப்பிடுவது இன்னொரு குறை. மைலோஃபைப்ரோஸிஸை முழுதாகக் குணப்படுத்தும் வாய்ப்புள்ள வழி அது ஒன்றே. கொடையாளர் தேடலுக்கும் நாளாகும். அபாயம் அதிகம் என்று தெரிந்த உடனேயே ஒரு சந்திப்பு வேண்டும்.

எல்லாவற்றுக்கும் கூட்டத்துக்காகக் காத்திருக்கவும் கூடாது. அக்யூட் ப்ரோமைலோசைடிக் லுக்கீமியா (வேகமாக முற்றும் ஒரு ரத்தப் புற்றுநோய்) என்று சந்தேகம் வந்தாலே, மரபணு முடிவுக்குக்கூட நிற்காமல் அதற்கான ஏ.டி.ஆர்.ஏ. மருந்தைத் தொடங்க வேண்டும். முதல் சில நாட்களில் ரத்தக்கசிவுதான் உயிரைப் பறிக்கிறது. வெள்ளையணு குறைந்திருக்கும்போது 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் வந்தால் பக்கத்து மருத்துவமனைக்கு ஓடுங்கள். சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும். விடுமுறை நாள் இரவில் குழுவின் எண்ணை யார் எடுப்பார், அவர் கையில் உங்கள் ஃபைல் இருக்குமா என்பதை முதல் சந்திப்பிலேயே சிறப்பு நர்ஸிடம் கேட்டுவிடுங்கள்.