மாம்பழத் தோல் தாளில் கடலை உருண்டை

ஆந்திராவின் குப்பம் ஊர்ப் பேருந்து நிலையத்துப் பக்கம் கடலை உருண்டை விற்கிறேன். இனிப்புப் பெட்டி மேல் சுற்றும் பிளாஸ்டிக் தாளுக்கு 2022 ஜூலையில் தடை வந்ததிலிருந்தே மாற்று தேடிக்கொண்டிருந்தேன். மாங்கூழ் ஆலையில் மிஞ்சும் தோத்தாபுரி மாம்பழத் தோலில் செய்த, அப்படியே தின்னக்கூடிய தாள் 100 வாங்கி 3 வாரம் சுற்றிப் பார்த்தேன்.

தோலை லேசான அமிலத்தில் வேகவைத்து, ஜாமைக் கெட்டியாக்கும் பெக்டின் என்ற பசைப்பொருளைப் பிரித்து, கிளிசரின் கலந்து, தட்டில் ஊற்றிக் காயவைக்கிறார்கள். கிளிசரின் இல்லாவிட்டால் அப்பளம்போல நொறுங்கிவிடும். தேன் நிறம், கொஞ்சம் புளிப்பு. எண்ணெய் கசியவே இல்லை, எனக்கு அதுதான் பெரிது. காகிதத்தில் மறுநாளே கறை ஏறிவிடும். பள்ளிப் பிள்ளைகள் தாளோடு மென்றுவிட்டு, "அக்கா, தாள் மட்டும் கொடுங்க" என்று கை நீட்டினார்கள். மனசு நிறைந்துபோனது.

மழை பெய்த 2 நாள்தான் பாடு. பெக்டின் ஈரத்தை இழுக்கும். கட்டே பிசுபிசுத்து ஒட்டிக்கொண்டது, 18 தாள் வீண். அப்புறம் மூடி போட்ட டப்பாவில் வைத்தேன், சரியானது. மாம்பழத் தோல் பட்டால் அரிக்கும் என்பவர்களுக்கு இதைக் கொடுப்பதில்லை.

தாள் ஒன்று 2 ரூபாய். 10 ரூபாய் உருண்டைக்கு அது கனம்தான். ஆனாலும் கோடைக்கு மறுபடி வாங்குவேன், மழைக்காலத்துக்கு வாழைச்சருகு.