'குளூட்டன் இல்லை' என்று ஒட்டியிருந்த மாவு: கோவையில் நாங்கள் ஏமாந்த விதம்

சீலியாக் நோய் உள்ள பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு, சிறுதானிய மாவை வெளியே வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் உணவுப் பாதுகாப்புத் துறையிடம் இருக்கிறது, அது அதன் வழியில் நடக்கட்டும். பெயரைச் சொன்னால் அந்த ஒரு கடையை மட்டும் விட்டுவிட்டு, அடுத்த தெருவில் இதே மாவை இதே நம்பிக்கையோடு வாங்குவீர்கள் என்ற பயமும் எனக்கு உண்டு.

என் மகனுக்குப் பதினொரு வயது. ஐந்து வயதில், நாங்கள் டெல்லியில் இருந்தபோது நோய் தெரிந்தது. வயிறு மட்டும் பானை போல உப்பியிருக்கும், கை கால் குச்சி குச்சியாக இருக்கும். எத்தனை புட்டி டானிக் கொடுத்தும் ரத்தம் ஊறவில்லை. டிடிஜி என்ற ரத்தப் பரிசோதனை செய்தார்கள், பிறகு எண்டோஸ்கோப்பி செய்து சிறுகுடலிலிருந்து துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். கோதுமையிலும் பார்லியிலும் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால் இவன் உடம்பே இவன் குடலைத் தாக்குகிறது என்றார் மருத்துவர். சத்தை உறிஞ்ச வேண்டிய குடலின் உட்பகுதி தேய்ந்து வழவழவென்று ஆகிவிடுமாம். இதற்கு மாத்திரை கிடையாது. வாழ்நாள் முழுக்கக் குளூட்டன் பக்கம் போகாமல் இருப்பது ஒன்றுதான் வைத்தியம்.

டெல்லியில் இது ஓரளவு பழகிய நோய். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாவின் தங்கை மகனுக்கும் இருந்தது. எந்தக் கடையில் எந்த மாவு வாங்கலாம் என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இந்தியாவின் மூன்று பகுதிகளில் ரத்தம் எடுத்துச் செய்து, 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வடக்கே நூற்றில் ஒருவருக்குச் சற்று மேலாகவும், தெற்கே ஆயிரத்தில் ஒருவருக்கும் இந்த நோய்க்கான எதிர்ப்பொருள்கள் ரத்தத்தில் இருந்தன. அதனால் இங்கே கடைக்காரருக்கும் தெரியாது, பள்ளிக்கூடத்துக்கும் தெரியாது, சொந்தக்காரர்களுக்குச் சொன்னாலும் ஏறாது. ஆனாலும் கணவருக்குக் கோவைக்கு மாற்றல் வந்தபோது நான் நிம்மதியாகத்தான் மூட்டை கட்டினேன். இட்லி, தோசை, அரிசிச் சோறு. கோதுமையை ஒரு பொருட்டாகவே மதிக்காத ஊர். இனி என்ன கவலை என்று நினைத்தேன்.

ஓட்டல் சாம்பார் முதல் பாடம் கற்றுக்கொடுத்தது. கடையில் விற்கும் பெருங்காயத்தில், தூளோ கட்டியோ, பெரும்பாலானவற்றில் கோதுமை மாவு அல்லது மைதா கலந்திருக்கும். சுத்தமான பிசினை அப்படியே பயன்படுத்த முடியாது, நெடி தாங்காது என்பதால் மாவும் கோந்தும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது, கண்ணாடி போட்டுப் படியுங்கள். அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது, நான் அதைத்தான் வாங்குகிறேன். ரவையும் கோதுமைதான், அந்த ரவா தோசை வார்த்த கல்லிலேயே சாதா தோசையும் வார்ப்பார்கள் என்பது இரண்டாம் பாடம். அதோடு ஓட்டலுக்கு முழுக்குப் போட்டோம்.

அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை இயற்கைச் சந்தை ஒன்றில் அந்தக் கடையைப் பார்த்தேன். மண்பானை, பனையோலைக் கூடை, பழுப்புக் காகிதப் பொட்டலங்கள். தினையும் சாமையும் கலந்த தோசை மாவு, கேழ்வரகு பிஸ்கட், வரகு முறுக்கு. எல்லாவற்றிலும் கோதுமைக் கதிரின்மேல் குறுக்குக் கோடு போட்ட வட்டப் படம், கீழே 'குளூட்டன் இல்லை'. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மூன்று ஆண்டுகளில் இந்த ஊரில் அந்தச் சொல்லை நான் வாய்திறந்து விளக்காமலேயே ஒருவர் எழுதி வைத்திருந்தார். கடைக்காரப் பெண் என்னைவிடச் சிறியவர். "எங்கள் வீட்டிலேயே தனி மில் வைத்திருக்கிறோம் அக்கா, பரிசோதனைச் சான்றிதழும் இருக்கிறது" என்று சட்டம் போட்டு மாட்டியிருந்த ஒரு தாளைக் காட்டினார். தலைப்பில் ஓர் ஆய்வகத்தின் பெயர், கீழே முத்திரை. தலையாட்டிவிட்டு வாங்கினேன். மாவு கிலோ 240 ரூபாய், வெளியே விற்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

நான் மட்டும் வாங்கியிருந்தால்கூட இவ்வளவு எரியாது. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மார்வாடிக் குடும்பம் இருக்கிறது, அவர்கள் பெண்ணுக்கும் இதே நோய். வேறு ஒரு வீட்டில் முப்பது வயதுக்காரர் ஒருவர். ஊரில் எங்களுக்கு ஒருவரையொருவர் தெரிந்தது இந்த மூன்று வீடுகள்தான். யார் எதைக் கண்டுபிடித்தாலும் மற்ற இருவருக்கும் உடனே சொல்லிவிடுவோம். இந்தக் கடையைக் கண்டுபிடித்துப் பெருமையோடு சொன்னது நான்.

நான்கு மாதம் வாங்கினோம். இரண்டாம் மாதமே பையனுக்கு வயிறு உப்ப ஆரம்பித்தது. வாயில் புண், காலையில் எழுந்தால் சிடுசிடுப்பு, பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் கழிவறை. 31 கிலோ இருந்தவன் 28க்கு இறங்கினான். நான் சந்தேகப்படாத ஆள் இல்லை. சாம்பார்ப் பொடியைக் கொட்டினேன். பற்பசையை மாற்றினேன். வேலைக்கு வரும் அம்மாவின் கையைக் கழுவச் சொல்லி அவர் மனத்தையும் புண்படுத்தினேன். பள்ளியில் யாரிடமோ வாங்கித் தின்கிறாய் என்று பிள்ளையை அடித்தும்விட்டேன், அதை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை. அந்தப் பழுப்புப் பொட்டலத்தை மட்டும் நான் சந்தேகப்படவே இல்லை. அதில்தான் எழுதியிருக்கிறதே!

இரண்டு ஆண்டுகளாக இயல்பான எல்லைக்குள் இருந்த டிடிஜி அளவு, எல்லையைப்போல நான்கு மடங்கு ஏறியிருந்தது. மருத்துவர் சீட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "புதிதாக என்ன சேர்த்தீர்கள்?"

மறுநாள் முன்கூட்டிச் சொல்லாமல் அந்த மாவுக் கடைக்காரர்கள் வீட்டுக்குப் போனேன். முன்னால் கடை, பின்கட்டில் மில். தனி மில் என்று அந்தப் பெண் சொன்னதில் ஒரு பாதி உண்மை; மில் அவர்களுடையதுதான். ஆனால் வாசலில் தூக்கு, டப்பா, பையோடு தெருவே வரிசையில் நின்றது. அவருடைய மாமனார் அரைத்துக்கொண்டிருந்தார். ஓர் அம்மாவின் சப்பாத்திக் கோதுமை ஐந்து கிலோ முடிந்தது. மில்லின் வாயில் கட்டியிருந்த துணிக்குழாயை இரண்டு தட்டுத் தட்டினார். வெள்ளையாக ஒரு பொதி மாவு டப்பாவில் விழுந்தது. துணியின் மடிப்புகளில் இன்னும் எவ்வளவோ ஒட்டிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கைப்பிடி அரிசியைப் போட்டு ஓடவிட்டு, அதைத் தனியாகக் கொட்டினார். அடுத்ததாகச் சாக்கை அவிழ்த்துத் தினையைக் கவிழ்த்தார். சாக்கின் வெளியே, முன்பு அதில் வந்த கோதுமையின் ஊர் முத்திரை மங்கலாகத் தெரிந்தது. எதிர்ச்சுவர் ஓரமாகப் பழுப்புக் காகிதப் பைகளும், வட்டப் படம் ஒட்டும் சீட்டுகளும் அடுக்கி வைத்திருந்தார்கள்.

பெரியவர் பொய் சொல்லவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "கைப்பிடி அரிசி போட்டு ஓட்டிவிட்டால் மில் சுத்தமாகிவிடும், ஒன்றும் ஆகாது அம்மணி. எங்கள் அப்பா காலத்திலிருந்து இப்படித்தான்" என்றார். மிளகாய் அரைத்த மில்லில் மாவு அரைக்கும்போது காரம் ஏறாமல் இருக்க இது போதும். எங்கள் கணக்கு வேறு. இந்தியச் சட்டப்படி 'குளூட்டன் இல்லாதது' என்று எழுத வேண்டுமானால் ஒரு கிலோ உணவில் குளூட்டன் 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கோதுமை மாவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குளூட்டன். துணி மடிப்பிலிருந்து ஒரு டீஸ்பூன் மாவு, மூன்று கிராம் என்று வையுங்கள், ஒரு கிலோ தினை மாவில் உதிர்ந்தால் 300 மில்லிகிராம். சட்டம் விட்டிருக்கும் அளவைப்போலப் பதினைந்து மடங்கு. தினம் 50 மில்லிகிராம் வீதம் மூன்று மாதம் கொடுத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வில் குடல் சேதம் தெரிந்திருக்கிறது. அது பிரெட் துண்டு ஒன்றில் நாற்பதில் ஒரு பங்குகூட வராது.

கேழ்வரகு பிஸ்கட்டில் என்ன மாவு என்று கேட்டேன். "மைதா அறவே கிடையாது அக்கா, நாட்டுக் கோதுமை மாவு கொஞ்சம் சேர்த்தால்தான் உதிராமல் நிற்கும்" என்று அந்தப் பெண் பெருமையாகச் சொன்னார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். குளூட்டன் என்றால் மைதாவில் இருக்கும் ஏதோ ஒரு கெட்ட பொருள் என்று அவர் நினைத்திருக்கிறார். மைதாவே கோதுமைதான் என்றதற்கு, பக்கத்தில் நின்ற ஒருவர் "இல்லை, அது மரவள்ளிக்கிழங்கு" என்று எனக்கு வகுப்பெடுத்தார். முறுக்குக்குப் போடும் பெருங்காய டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கோதுமை மாவு.

சரி, சான்றிதழ்? சட்டம் போட்டு மாட்டியிருந்த அந்தத் தாளைக் கையில் வாங்கி அன்றுதான் முதன்முறையாகப் படித்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி. மாதிரி: கம்பு, முழுத் தானியம். பார்த்த விவரங்கள்: ஈரப்பதம், புரதம், நார்ச்சத்து, சாம்பல். குளூட்டன் என்ற சொல்லே அந்தத் தாளில் இல்லை. நான்கு மாதம் அதைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டியிருக்கிறேன், இந்தத் தவறில் என் பங்கு அது.

அதுவரை எனக்கு அந்தப் பெண்ணிடம் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. தெரியாமல் செய்தார், சொன்னால் திருத்திக்கொள்வார் என்று நினைத்தேன். மகனின் ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் காட்டினேன். அவர் கணவர் உள்ளேயிருந்து வந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு நோய் உள்ள பிள்ளைக்கு நீங்கள்தான் விசாரித்து வாங்கியிருக்க வேண்டும்" என்றார். வட்டப் படம் எதற்கு ஒட்டுகிறீர்கள் என்றேன். "அது போட்டால்தான் நகரத்து ஆட்கள் வாங்குகிறார்கள், அச்சகத்தில் எல்லோருக்கும் போட்டுக் கொடுக்கிறார்கள்." பணத்தைத் திருப்பித் தர மறுத்து, இரண்டு கிலோ கேழ்வரகு மாவு இலவசமாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதே மில்லில் அரைத்தது. வீட்டுப் பாட்டி வேறு, "இதெல்லாம் இப்போது புதிதாகக் கிளம்பிய நோய்" என்றார். டிக்கே என்ற நெதர்லாந்துக் குழந்தை மருத்துவர், ரொட்டி கிடைக்காத 1944-45 பஞ்சக் குளிர்காலத்தில் இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பியதும் மறுபடி படுத்ததையும் கண்டு, கோதுமைதான் காரணம் என்று 1950இல் ஆய்வேடே எழுதிவிட்டார். அதைப் பாட்டியிடம் சொல்லும் நிலையில் நான் இல்லை.

புகாரை அரசின் ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் பதிவு செய்தேன், நுகர்வோர் உதவி எண் 1915க்கும் சொன்னேன். பொட்டலத்தின் படம், பில், உரிம எண் மூன்றும் கையில் இருக்கட்டும். நான் காலிப் பொட்டலங்களைத் தூக்கிப்போட்டிருந்தேன், மார்வாடி வீட்டில் ஒன்று மிச்சம் இருந்ததால் பிழைத்தேன். உரிம எண் 14 இலக்கம் இருக்க வேண்டும். தவறான விவரத்தோடு சீட்டு ஒட்டி விற்றால் 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. அதிகாரி வந்து மாதிரி எடுத்துப் போயிருக்கிறார். முடிவு இன்னும் வரவில்லை. ஆனால் போன வாரம் சந்தையில் பார்த்தேன்: வட்டப் படம் போய், 'மைதா சேர்க்கப்படவில்லை' என்று புதுச் சீட்டு வந்திருக்கிறது. விலை அதே 240.

நீங்கள் வாங்கும் இடத்தில் "குளூட்டன் இல்லையா?" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். "இந்த மில்லில் வேறு என்ன அரைக்கிறீர்கள்?" என்று சாதாரணமாகக் கேளுங்கள், வரிசையாகச் சொல்லிவிடுவார்கள். எந்தப் பெருங்காயம், எந்தச் சாக்கு, பிஸ்கட் எதனால் உதிராமல் நிற்கிறது என்றும் கேளுங்கள். சான்றிதழ் காட்டினால் குளூட்டன் அளவு, மாதிரியின் பெயர், தேதி மூன்றையும் படியுங்கள். முடிந்தவரை முழுத் தானியமாக வாங்குங்கள். தினையில் கோதுமை மணி கிடந்தால் முறத்தில் கண்ணுக்குத் தெரியும், மாவான பிறகு தெய்வத்துக்கும் தெரியாது.

மூன்று வீடும் சேர்ந்து பணம் போட்டு வீட்டில் வைக்கும் சிறிய மாவு மில் ஒன்று வாங்கி, எங்கள் பால்கனியில் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை அவர்கள் தானியத்தோடு வருவார்கள். மார்வாடிப் பெண் கம்பு ரொட்டிக்கு அரைத்துக்கொண்டு போகும். மகனுக்கு இப்போது வாய்ப்புண் ஆறிவிட்டது, ஒன்றரைக் கிலோ ஏறியிருக்கிறான். போன சனிக்கிழமை எல்லோரும் போன பிறகு என் மாமியார் ஒரு தூக்கோடு மில் பக்கம் மெதுவாக வந்தார். திறந்து பார்த்தேன், சம்பா கோதுமை. "ஒரே ஒரு கிலோதான், கடைசியாகத்தானே போடப் போகிறேன். பிறகு ஒரு கைப்பிடி அரிசி போட்டு ஓட்டிவிட்டால் போகிறது" என்றார்.