டேஷ்போர்டு கிறிஸ்டோபர்: சுரூபம் அருமை, டேப் மோசம்

வாரத்துக்கு மூன்று தடவை சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குக் கார் ஓட்டுகிறேன், 20 கொண்டை ஊசி வளைவு. வண்டியில் ஒட்ட, பயணிகளின் பாதுகாவலர் புனித கிறிஸ்டோபரின் சுரூபம் ஒன்று வேண்டும் என்று ஒரு கடையில் கேட்டால் கடைக்கார அண்ணன் எடுத்து நீட்டியது அந்தோணியாரை. "இவரும் குழந்தை வச்சிருக்காரே சார்." அண்ணே, அந்தோணியார் கையில் ஏந்தியிருப்பார், இவர் தோளில் சுமப்பார் என்றதும் பரணில் துழாவி, தூசியோடு ஒன்றை இறக்கினார். நாலு அங்குலம், ரெசின், 280 ரூபாய்.

வேலைப்பாடு நிஜமாகவே அருமை. 13-ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்த கதைப்படி இவர் 12 முழ உயரம். இருப்பதிலேயே பெரிய ராஜாவிடம்தான் வேலை செய்வேன் என்று கிளம்புகிறார். அந்த ராஜா சாத்தான் பேரைக் கேட்டாலே சிலுவை போட்டுக்கொள்கிறான், அப்போ சாத்தான்தான் பெரியவன் என்று அவனிடம் போனால், அவனோ வழியில் நட்டிருந்த சிலுவையைக் கண்டு சுற்றிப் போகிறான். கடைசியில் ஒரு வனத்துறவி நோன்பு இருக்கச் சொன்னால் முடியாது, ஜெபம் பண்ணச் சொன்னால் தெரியாது (நம்ம ஆளு!), சரி, ஆற்றில் ஆட்களைத் தூக்கிக் கரை சேர்த்துவிடு என்கிறார். அப்படி ஒரு ராத்திரி தூக்கிய குழந்தை நடு ஆற்றில் ஈயமாய்க் கனத்தது, அது குழந்தை இயேசு. அந்தக் கனம் இந்தச் சுரூபத்தில் தெரிகிறது: கழுத்து ஒருபக்கம் மடங்கி, கண் மேலே பார்த்து, கெண்டைக்கால் வரை நீலத் தண்ணீர். கதையில் கரை சேர்ந்த பிறகு இவர் ஊன்றி வந்த கம்பு துளிர்த்ததே, அதற்கு ஒரு இலையாவது வைத்திருக்கலாம்.

கூடவே கொடுத்த டபுள் சைடு டேப்தான் கேவலம். சேலத்து மே மாச வெயிலில் நிறுத்திவைத்து எடுத்தேன், இளகிவிட்டது போல. 11-வது வளைவில் கியரைக் குறைக்கும்போது மனுஷர் பிரேக்குக்கும் கிளட்சுக்கும் நடுவே கிடக்கிறார். இவர் உருவத்தைப் பார்த்த நாளில் துர்மரணம் வராது என்று நம்பித்தான் அந்தக் காலத்து ஐரோப்பாவில் கோயில் வாசலுக்கு எதிர்ச்சுவரில் ஆளுயரத்துக்கும் மேலே வரைந்து வைத்தார்கள். எனக்கு அன்றைக்கு அவராலேயே வந்திருக்கும்.

அப்புறம் டேப்பைச் சுரண்டிவிட்டு எம்-சீல் வைத்து ஒட்டினேன், ஒரு மாசமாக அசையவில்லை. சுரூபத்துக்கு 5-க்கு 4½, டேப்புக்கு 0. கடையில் பேரைச் சொல்லாதீர்கள், "தோளில் குழந்தை, கையில் கம்பு, காலடியில் தண்ணீர்" என்று கேளுங்கள்.