மேல் வீட்டு நாற்காலிக்கு நான் வாங்கிய ரப்பர் புஷ்

திருநெல்வேலி டவுனில் ரத வீதிப் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கிய, நாற்காலிக் காலின் அடியில் மாட்டும் ரப்பர் புஷ்ஷுக்குத்தான் இந்த மதிப்புரை. ஒன்று பத்து ரூபாய்கூடப் பெறாத சாமானுக்கு இவ்வளவு நீளமா என்று கேட்பவர்கள் ராத்திரி தூங்குகிறவர்களாக இருப்பார்கள்.

நான் நர்ஸ். ஹைகிரவுண்ட் பக்கம் வேலை, மாதத்தில் பாதி இரவு டூட்டி. காலையில் வீட்டுக்கு வந்து, குளித்து, இரண்டு இட்லியைப் பிய்த்துப் போட்டுக்கொண்டு படுத்தேன் என்றால் மதியம் வரைக்கும் எனக்கு ராத்திரி. பெருமாள்புரத்தில் எங்கள் ஃபிளாட் முதல் மாடியில். தலைக்கு மேலே மதினி, அவர் வீட்டுக்கார அண்ணன், இரண்டு பையன்கள், ஓர் ஆச்சி. நல்ல சனங்கள். சட்டம் பேசவும் வழி கிடையாது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல், பகலில் 55. இரவு என்பது 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை. மதினி மாவாட்டுவதோ காலை பத்து மணிக்கு. காலை பத்து மணிக்கு மாவாட்டாதே என்று எந்த வாயால் சொல்வது?

வளவு வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். பக்கத்து வீட்டுச் சண்டை, இருமல், ரேடியோ எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும், அதோடு தூங்கியும் பழக்கம். ஃபிளாட்டில் வருவது வேறு ஜாதிச் சத்தம். மேல் வீட்டு டிவியில் ஓடும் சீரியல் வசனம் ஒன்றுகூட எனக்குக் கேட்காது. ஆனால் தரையில் விழுந்த டம்ளர் எத்தனை தடவை உருண்டது என்று சொல்லிவிடுவேன். காற்றில் வரும் பேச்சை நடுவில் இருக்கும் கான்கிரீட் தளம் அதன் கனத்தாலேயே மறித்துவிடும். குதிகால், நாற்காலிக் கால், உரல் எல்லாம் அந்தத் தளத்தையே நேரடியாகத் தட்டுகின்றன. தளம் அதிர்ந்தால் அதோடு சேர்ந்திருக்கும் சுவரும் அதிரும். அதனால்தான் மேலே ஹாலில் இழுத்த நாற்காலி கீழே என் கட்டிலோரச் சுவரில் கேட்கிறது.

இதைத் தெரிந்துகொண்டால் செலவு பாதி மிச்சம். என் வீட்டு மோட்டுக்கு ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்லி ஒருவர் எஸ்டிமேட்டே கொடுத்தார். நடுவில் பஞ்சு அடைத்து, மேல் தளத்தோடு இறுக்கிப் பிடிக்காமல் ரப்பர் தாங்கியில் தொங்கவிட்டால் கொஞ்சம் பலன் உண்டு, அப்போதும் சுவர் வழியாக வருவது வரத்தான் செய்யும். முட்டை அட்டை மாதிரி மேடு பள்ளமாக வரும் ஃபோம் ஷீட் அறைக்குள் எழும் எதிரொலியைக் குறைக்கும், மேலிருந்து வருவதைத் தடுக்காது. காசைக் கொட்ட வேண்டிய இடம் நம் வீட்டுக் கூரை இல்லை, அவர்கள் வீட்டுத் தரை. அங்கே போகிற துணிச்சல்தான் விலை அதிகம்.

சரி, புஷ்ஷுக்கு வருவோம். கடை அண்ணாச்சியிடம், "பைப்பு நாற்காலிக்கு ரப்பர் புஷ் வேணும்" என்றதும் அளவு கேட்டார். முக்கால் இஞ்ச், முக்காலே அரைக்கால், ஒரு இஞ்ச் என்று பல அளவில் இருக்கிறது, சதுரப் பைப்புக்கும் தனியாக வருகிறது. அளக்க வேண்டியது வெளி விட்டம். காலைச் சுற்றி நூலைச் சுற்றி எடுத்து, அந்த நீளத்தை 3.14ஆல் வகுத்தால் வந்துவிடும். கட்டையான பிளாஸ்டிக்கில் வருவதை வாங்காதீர்கள். அது பைப்பு நுனி தரையைக் கீறாமல் இருக்கத்தான் உதவும், சத்தம் அப்படியே இருக்கும். விரலால் அமுக்கினால் உள்வாங்க வேண்டும், அதுதான் சரியான ரப்பர். புஷ்ஷோடு கூட ஒரு பிடி வாஷரையும் அண்ணாச்சி பொட்டலத்தில் போட்டார். "வாஷர் போடாம மாட்டுனா பைப்பு ரப்பர அறுத்துக்கிட்டு வெளிய வந்துரும்மா" என்றார். இந்த ஒரு வார்த்தைக்காகவே ஆன்லைனில் வாங்காமல் கடைக்குப் போகலாம்.

பொட்டலத்தோடு மாடியேறினேன். சத்தம் என்ற பேச்சையே முதலில் எடுக்கவில்லை. "எங்க வீட்டு நாற்காலிக்கு வாங்கினேன் மதினி, நெறய இருக்கு, ஒங்க வீட்டுக்கும் நானே மாட்டித் தாரேன்" என்றேன். மதினி முகத்தில் ஒரு சந்தேகம் ஓடியது. ஆச்சிதான் போட்டு உடைத்தார்: "கீழ சத்தம் கேக்காக்கும்? இத முன்னாடியே சொல்லப்பிடாதா பிள்ள?"

மாட்டுவது பெரிய வேலை இல்லை. நாற்காலியைக் கவிழ்த்து, பழைய தேய்ந்த மூடியைக் குறடால் பிடுங்கி, புஷ்ஷைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டு எடுத்து, உள்ளே வாஷரை இறக்கி, உள்ளங்கையால் அழுத்தித் திருகினால் ஏறிவிடும். எண்ணெய் தடவாதீர்கள். ஏறும்போது சுகமாக ஏறும், பிறகு கழன்று கழன்று வரும். கட்டிலின் நான்கு காலுக்கும் மாட்டினோம். அண்ணன் எழுந்திரிக்கும்போது வரும் அந்தக் 'கிர்ர்ர்' அன்றோடு போயிற்று. தையல் மெஷினுக்கும் போட்டோம், மதினி மிதிக்கத் தொடங்கினால் எனக்கு ரயில் கிளம்புவது போல இருந்தது போய் லேசான முணுமுணுப்பு மட்டும்.

குறை இல்லாமல் இல்லை. கறுப்பு ரப்பர் வெள்ளை டைல்ஸில் கோடு போடும். அடிக்கடி இழுக்கும் நாற்காலிக்கு ரப்பர் சரிப்படவும் இல்லை. வழுவழுப்பான டைல்ஸில் அது பிடித்துப் பிடித்து நகர்வதால் புதிதாக ஒரு கீச்சொலி கிளம்பியது. சாப்பாட்டு மேசை நாற்காலிக்கு ஃபெல்ட்தான், கம்பளி மாதிரி தடித்த துணி. அதிலும் பசை வைத்து ஒட்டும் வட்டத்தை வாங்கினால், தினமும் தண்ணீர் விட்டுத் துடைக்கிற நம் ஊர் வீட்டில் பசை ஊறி, ஓரம் பெயர்ந்து, தலைமுடியெல்லாம் சுற்றிக்கொண்டு அசிங்கமாகத் தொங்கும். மரக் காலுக்கு நடுவில் ஆணி வைத்த ஃபெல்ட் கிடைக்கிறது, அது நிற்கும். பைப்புக் காலுக்கு, அடியில் ஃபெல்ட் வைத்த சிலிக்கோன் உறை. விலை கூடத்தான், ஆனால் கோடும் இல்லை, கீச்சும் இல்லை. எளிதாகச் சொன்னால், ஓரிடத்தில் கிடப்பதற்கு ரப்பர், நகர்வதற்கு ஃபெல்ட்.

அடுத்து கிரைண்டர். கல் ஓடும் இரைச்சலைவிட, மேடை வழியாகச் சுவரில் இறங்கும் அதிர்வுதான் என்னை எழுப்பும். அரை இஞ்ச் கனத்தில் ஒரு ரப்பர் மேட் துண்டு வெட்டி வாங்கி அடியில் வைத்தோம், கிரைண்டரைச் சுவரை விட்டு நாலு விரல் தள்ளியும் வைத்தோம். நல்ல வித்தியாசம். மிக்ஸிக்கு இதனால் பெரிய லாபம் கிடையாது, அது காற்றில் கத்துகிற சாதி.

ஆச்சியின் இரும்பு உரலுக்கு நான் ஒன்றும் வாங்கவே இல்லை. சுக்கும் மிளகும் இடிப்பதற்கு ஆச்சியே சாக்கை நாலாக மடித்து அடியில் போட்டுக்கொண்டார். "எங்க ஊர்ல ஒரல் மண்ணுல பொதச்சிருக்கும், யாருக்குக் கேட்டுச்சு?" என்று ஒரு குத்தல் வேறு.

பையன்களுக்கு மருந்து கிடையாது. ஒன்றோடொன்று கோர்க்கும் ஃபோம் மேட்டை ஹாலில் விரித்தார்கள், ஓட்டம் பரவாயில்லை. சின்னவன் சோபாவிலிருந்து குதிப்பதற்கு அது போதாது. என் வீட்டுக்காரர் பத்தமடைப் பாய் விரிக்கலாமே என்றார். தாமிரபரணிக் கோரையில் நெய்து, 2013இல் புவிசார் குறியீடும் வாங்கிய பாய், பொண்ணு மாப்பிள்ளை பேர் நெய்து கல்யாணத்துக்குக் கொடுப்பது. படுக்க அதைப் போல் உண்டா? ஆனால் மெல்லிசு, குதிகாலின் இடியை வாங்க அதில் சதை இல்லை. கடைசியில் மதினி ஒரு பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சோபா முன்னால் போட்டார். இப்போது அவன் இன்னும் உற்சாகமாகக் குதிக்கிறான், எனக்குத்தான் கேட்பதில்லை.

மிச்சத்துக்கு மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபோம் காதடைப்பான். பாக்கெட்டில் 30 டெசிபல் அளவில் குறைக்கும் என்று போட்டிருக்கும். அது ஆய்வகக் கணக்கு. வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் இந்த வகைக்கு அந்த எண்ணில் பாதியை மட்டும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. அந்தப் பாதியும் ஒழுங்காக மாட்டினால்தான். ஊசி போல மெல்லிசாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே விட்டு, அது உப்பும் வரை அரை நிமிஷம் விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதி பேர் சும்மா சொருகிவிட்டு இது வேஸ்ட் என்கிறார்கள். மிக்ஸி, ஹாரன், குக்கர் விசிலுக்கு நல்ல பலன். 'தொம்' என்று விழும் சத்தத்துக்குக் கம்மிதான், அது கட்டில் வழியாக எலும்புக்கே வருகிறது. காதில் சீழோ வலியோ இருந்தால் தொடவே வேண்டாம். அலாரத்தை வைப்ரேஷனில் போட்டுத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுங்கள், இல்லாவிட்டால் சாயங்கால டூட்டி போச்சு.

மார்க் போடச் சொன்னால் ரப்பர் புஷ்ஷுக்கு ஐந்துக்கு நாலரை, டைல்ஸ் கோட்டுக்காக அரை குறைத்தேன். கிரைண்டர் மேட்டுக்கு நாலு. காதடைப்பானுக்கு மூணு. வாங்கப் போகிறவர்கள் பழைய புஷ் ஒன்றைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள், ரெண்டு கூடுதலாகவே வாங்கி வையுங்கள், வாஷரை வாய் விட்டுக் கேளுங்கள். அந்தக் கடை ஞாயிற்றுக்கிழமை கிடையாது.