வியட்நாம் காலத்து ஹியூயி ஹெலிகாப்டர் ரைடு: வொர்த்தா இல்லையா?

அட்லாண்டா பக்கம் இருக்குற நம்மாளுங்க நெறைய பேரு கேட்டுட்டே இருக்கீங்க, ஏர்ஷோல பழைய ஆர்மி ஹெலிகாப்டர்ல ஏத்திட்டுப் போறாங்களே, ஒரு ஆளுக்கு நூறு டாலருக்கு மேல வாங்குறாங்களே, குடுக்கலாமானு. பறக்குறதுக்கு மட்டும்னா சுமார்தான். அதை ஓட்டுற ரிட்டயர்டு ஆர்மி பைலட்டுங்ககிட்ட பேசுறதுக்குன்னா யோசிக்காம போங்க. யாரு நடத்துறாங்கனு பேரு போடல, ஏன்னா குறையும் சொல்லப்போறேன், எல்லாம் வயசான வாலண்டியருங்க, சம்பளம் வாங்காம வெயில்ல நிக்கிறாங்க.

மொதல்ல குறையை முடிச்சிடுறேன். ஆன்லைன்ல ஸ்லாட் டைம் போட்டுத்தான் டிக்கெட் குடுப்பாங்க, ஆனா அந்த டைமுக்கும் நம்மள ஏத்துற டைமுக்கும் சம்பந்தமே கெடையாது. ஒரு மணி நேரத்துக்கு மேல தார் ரோட்டு சூட்டுல காத்திருந்தோம், நிழலுக்கு ஒரே ஒரு டென்ட், அதுலயும் பாதி டி-ஷர்ட் விக்கிற கடை. பறக்குறது பத்து நிமிஷம் கூட இல்ல. வீட்டம்மா டேக் ஆஃப் ஆகுறதுக்கு முன்னாடியே கணக்கு போட்டு, நிமிஷத்துக்கு எவ்ளோ ஆச்சுனு சொல்லிட்டாங்க.

ஆனா அந்தப் பத்து நிமிஷம் சும்மா சொல்லக்கூடாது. ஹியூயினா நம்ம படத்துல பாக்குற அதே ரெண்டு இறக்கை ஹெலிகாப்டர்தான், இறக்கை ஒரு முனையில இருந்து இன்னொரு முனைக்கு 48 அடி, 1400 குதிரைசக்தி டர்பைன் இன்ஜின். கதவு ரெண்டு பக்கமும் பின்னாடி தள்ளி மாட்டிடுறாங்க, மூடவே மாட்டாங்க. கேன்வாஸ் சீட்டு, இடுப்புக்கு ஒரு பெல்ட்டு, அவ்ளோதான். ஓரத்துல வெளிய பாத்த மாதிரி ரெண்டு பக்கமும் சீட்டு இருக்கு, கேட்டு வாங்கி அதுல உக்காருங்க, திரும்பும்போது ஹெலிகாப்டர் சாயும், காலுக்குக் கீழ நேரா பைன் மரம், யாரோ வீட்டு நீச்சல் குளம், நடுவுல ஒண்ணுமே கெடையாது. அந்த டப் டப் சத்தம் காதுக்கு வர்றதுக்கு முன்னாடி நெஞ்சுக்கூட்டுல வந்துடுது. ஏறுறதுக்கு முன்னாடி குடுக்குற பாதுகாப்பு விளக்கம் நல்லா இருந்துச்சு, தொப்பியைக் கழட்டு, முன்பக்கமா பைலட் கண்ணுல படுற மாதிரி வா, வால் பக்கம் போகவே போகாதனு குழந்தைங்களுக்கும் புரியுற மாதிரி சொன்னாங்க. பின்னாடி சுத்துற சின்ன இறக்கை வேகத்துல கண்ணுக்கே தெரியாது, அதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஊர்ல இருந்து மாமனார் வந்திருந்தாரு, வேலூர் பக்கம், இந்திய ஆர்மில ஹவில்தாரா இருந்து ரிட்டயர்டு ஆனவரு, சியாச்சின்ல டியூட்டி பாத்தவரு. அவருக்காகத்தான் டிக்கெட்டே போட்டது. எறங்கினதும் மனுசன் நேரா பைலட்கிட்ட போய் விறைப்பா ஒரு சல்யூட். அந்தப் பைலட் எழுபத்தஞ்சு தாண்டினவரு, வாரன்ட் ஆபீசரா ரிட்டயர்டு ஆனவரு. அமெரிக்க ஆர்மில இது ஒரு தனி ரகம். ஹெலிகாப்டர் ஓட்டுறவங்கள்ல பெரும்பாலும் இவங்கதான், சிப்பாய்க்கும் மேல, லெப்டினன்ட்டுக்கும் கீழ, கூப்பிடும்போது மிஸ்டர் இல்லனா சீஃப். வியட்நாம் சமயத்துல காலேஜ் டிகிரி இல்லாமலே ஹைஸ்கூல் முடிச்ச பசங்கள எடுத்து, டெக்சாஸ்ல ஃபோர்ட் வோல்டர்ஸ்ல சின்ன ஹெலிகாப்டர்ல பழக்கி, அப்புறம் அலபாமால ஃபோர்ட் ரக்கர்ல ஹியூயி பழக்கி, ஒரு வருஷத்துக்குள்ள சண்டைக்கு அனுப்பிட்டாங்க. இவரும் அப்படிப் போனவருதான். திரும்பி வந்து ரிட்டயர்டு ஆனப்புறம் மெக்சிகோ வளைகுடால எண்ணெய்க் கிணறுக்கு ஆள் ஏத்திட்டுப் போற வேலை, அப்புறம் கொஞ்ச நாள் ஆஸ்பத்திரி ஹெலிகாப்டர். இவங்க செட்டுல பாதிப்பேரு இதே ரூட்டுதான் போலருக்கு.

மாமா கேட்ட மொத கேள்வியே வேற லெவல். நான் பயமா இருந்துச்சானு கேப்பாருனு நெனச்சேன். அவரு, "மாப்ள, எத்தனை பேர ஏத்தலாம்னு எப்படி முடிவு பண்ணுவாங்கனு கேளுங்க"னாரு. பைலட்டுக்கு முகமே மாறிடுச்சு. கையை ஹெலிகாப்டர் மாதிரி வச்சுக்கிட்டு, ஏத்தினதும் மூணு அடி தூக்கிப் பாப்போம், இறக்கை சுத்துற வேகம் முள்ளு கீழ எறங்குச்சுனா ஒருத்தர எறக்குவோம், சூடும் ஈரமும் அதிகமா இருந்தா காலைல எட்டு பேர தூக்கின வண்டி மதியம் ஆறு பேர தூக்காதுனு சொன்னாரு. உடனே மாமா, சியாச்சின்ல மேல போஸ்ட்டுக்கு சீட்டா ஹெலிகாப்டர் வர்றப்ப ஒண்ணு ரெண்டு ஜெர்ரிகேன் மண்ணெண்ணெய்தான் தூக்கும், இன்ஜினை நிறுத்தவே மாட்டாங்க, நாங்க ஓடிப்போய் எறக்கணும், காத்துல ஆக்சிஜன் கம்மியா இருக்குறதால நமக்கு மட்டுமில்ல மெஷினுக்கும் மூச்சு வாங்கும்னாரு. எத்தனை அடினு கேட்டாரு பைலட். இருபதாயிரத்துக்கு மேலனு சொன்னதும் அவரு கையில இருந்த காபியைக் கீழ வச்சுட்டு, சேர் இழுத்துப் போட்டு மாமாவை உக்கார வச்சாரு. அதுக்கப்புறம் நான் மொழிபெயர்க்கக்கூட தேவைப்படல, ரெண்டு பேரும் கையாலயே பேசிக்கிட்டாங்க.

டென்ட்டுக்குள்ள படங்களோட ஒரு போர்டு வச்சிருக்காங்க, ஆர்மி பைலட்டுங்க வரலாறு. கிட்டத்தட்ட 12,000 ஹெலிகாப்டர் வியட்நாம் போச்சு, அதுல 5,000-க்கு மேல திரும்பலனு இருக்கு. நடுவுல பெருசா மைக்கேல் நோவோசெல் படம். இவரு கதை படிச்சே ஆகணும். இரண்டாம் உலகப்போர்ல பி-29 குண்டுவீச்சு விமானம் ஓட்டினவரு, அப்புறம் ஏர்லைன்ஸ் பைலட், விமானப்படை ரிசர்வ்ல லெப்டினன்ட் கர்னல். வியட்நாம் ஆரம்பிச்சதும் திரும்ப வர்றேன்னாரு, விமானப்படை வேணாம்னுடுச்சு. சரினு கர்னல் ரேங்க்கை விட்டுட்டு ஆர்மில சாதாரண வாரன்ட் ஆபீசரா சேந்தாரு, நாப்பது வயசு தாண்டி! அடிபட்டவங்கள தூக்குற டஸ்ட்ஆஃப் ஹியூயி ஓட்டினாரு, 5,589 பேர தூக்கிட்டு வந்திருக்காரு. 1969 அக்டோபர் 2 ஒரே நாள்ல தென்வியட்நாம் வீரங்க 29 பேரு, எதிரி சுட்டுக்கிட்டு இருக்கும்போதே திரும்பத் திரும்ப எறங்கி. அவரு பையனும் அதே யூனிட்ல பைலட், ஒரு தடவை அப்பா பையன காப்பாத்தினாரு, ஒரு வாரத்துல பையன் அப்பாவைக் காப்பாத்தினான். 1971-ல மெடல் ஆஃப் ஹானர் குடுத்தாங்க, அமெரிக்காவோட ஒசந்த வீர விருது. 1985-ல ரிட்டயர்டு ஆனாரு.

எல்லாம் சரி. அந்த போர்டுல ஹியூ தாம்ப்சன் இல்ல. எனக்கு இதான் அன்னைக்கு பெரிய குறை, வெயில்லாம் அப்புறம். நாம பிக்னிக் போறோமே ஸ்டோன் மவுண்டன், அங்க வளந்த ஆளு, நம்ம ஜார்ஜியாக்காரரு. 1968 மார்ச் 16, மை லாய் கிராமத்துல அமெரிக்க சிப்பாய்ங்க கெழவி குழந்தைனு பாக்காம சுட்டுத் தள்ளிட்டு இருந்தாங்க, செத்தவங்க 504 பேருனு வியட்நாம் கணக்கு, அமெரிக்க ஆர்மி கணக்கு 347. தாம்ப்சனுக்கு 24 வயசு, மேல சின்ன ஹெலிகாப்டர்ல சுத்திட்டு இருந்தவரு, சிப்பாய்ங்களுக்கும் ஒரு பங்கர்ல ஒளிஞ்சிருந்த ஜனங்களுக்கும் நடுவுல எறக்கினாரு. கூட இருந்த கோல்பர்ன், ஆண்ட்ரியோட்டா ரெண்டு பேர்கிட்டயும், நம்ம சிப்பாய்ங்க இந்த ஜனங்கள சுட்டா நீங்க திருப்பிச் சுடுங்கனு சொல்லிட்டு, தான் மட்டும் நடந்து போய் கூட்டிட்டு வந்தாரு. அவரு வண்டில மூணு பேருக்குத்தான் எடம், அதனால ரேடியோல கூப்பிட்டு வரவச்சது எத தெரியுமா, ஹியூயி. நாம காசு குடுத்து ஏறுற இதே ரகம். அப்புறம் பள்ளத்துல பொணங்களுக்கு நடுவுல உயிரோட இருந்த ஒரு குழந்தையை ஆண்ட்ரியோட்டா எறங்கித் தூக்கிட்டு வந்தாரு. அவரு மூணு வாரத்துல சண்டைல செத்துட்டாரு.

தாம்ப்சன் திரும்பி வந்து மேலிடத்துல சத்தம் போட்டாரு, சுடுறத நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துச்சு. அதுக்கு ஒரு மெடல் குடுத்தாங்க, கூடவே ரெண்டு பக்கமும் நடந்த சண்டைல மாட்டினவங்கள காப்பாத்தினாருனு ஒரு பொய் எழுத்து. மெடலைத் தூக்கிப் போட்டுட்டாரு. பின்னாடி விசாரணைல சாட்சி சொன்னதுக்கு, தண்டிக்கணும்னா இந்த ஆளத்தான் தண்டிக்கணும்னு ஒரு எம்பியே பேசினாரு. கொலை மிரட்டல் வேற. ஆனாலும் ஆர்மில பைலட்டாவே இருந்து 1983-ல ரிட்டயர்டு ஆனாரு, அவரும் எண்ணெய்க் கிணறு ஹெலிகாப்டர்தான் ஓட்டினாரு, அப்புறம் லூசியானால முன்னாள் வீரங்களுக்கு உதவி பண்ற கவுன்சிலர் வேலை. சோல்ஜர்ஸ் மெடல் குடுத்தது 1998-ல. முப்பது வருஷம்! அதுவும் எதிரியோட சண்டை இல்லாத வீரத்துக்குக் குடுக்குற மெடல், வேற எதைக் குடுப்பாங்க. 2006 ஜனவரில போயிட்டாரு. நோவோசெல்லும் அதே வருஷம் ஏப்ரல்ல.

போர்டு ஏன் இப்படினு அந்தப் பைலட்கிட்டயே கேட்டேன். அவரு கோவப்படல, இருக்கணும்தான், அந்த மேசைல எழுதிக் குடுங்கனாரு. எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கேன், நீங்க போனாலும் எழுதுங்க. போர்டு வச்சு வரலாறு சொல்றோம்னு காசு வாங்குறவங்க, நோவோசெல்ல மட்டும் வச்சுட்டு தாம்ப்சன விடுறது எனக்கு ஒத்துக்கல, அதுவும் அட்லாண்டால இருந்துக்கிட்டு.

ரேட்டிங்: ஸ்லாட், ஏற்பாடு எல்லாம் அஞ்சுக்கு ரெண்டு. பறந்தது மூணரை. பைலட்டுங்க அஞ்சுக்கு அஞ்சு, மாமாவக் கேட்டா ஆறு போடுவாரு.

போறவங்களுக்கு: துப்பட்டா, புடவை வேணாம், முடியை இறுக்கிக் கட்டிக்கோங்க, போனுக்கு கயிறு இல்லனா ஜிப் வச்ச பாக்கெட்டுல போட்டுடுங்க, காதுக்கு அவங்களே பஞ்சு குடுக்குறாங்க. சின்னப் பசங்களுக்கு சத்தம் ஒத்துக்காது, என் பையன் பாதி நேரம் காதைப் பொத்திட்டுத்தான் இருந்தான். டி-ஷர்ட் கடைல கார்டு எடுக்கல. முடிஞ்சா மதிய ஸ்லாட் போடுங்க, ஒரு மணி வாக்குல ரைடை நிறுத்திட்டு பைலட்டுங்க சாண்ட்விச் சாப்பிட டென்ட் பின்பக்கம் வந்து உக்காருவாங்க, அப்ப பக்கத்துல சேர் போட்டு உக்காந்தீங்கனா அவங்களே ஆரம்பிச்சிருவாங்க.