காற்றிலிருந்தா, நிலத்திலிருந்தா: ஜெர்மனியில் புதுவீட்டுக்கான ஹீட் பம்ப்

ஹீட் பம்ப் என்பது வெளிக்காற்றிலோ நிலத்திலோ உள்ள வெப்பத்தை மின்சாரத்தின் உதவியால் எடுத்து வீட்டைச் சூடாக்கும் கருவி. டார்ம்ஸ்டாட் நகரில் 1991-இல் குடியேற்றம் கண்ட 'பாசிவ் ஹவுஸ்' வீடுகளின் முறையில் வெப்பக்காப்புச் செய்த வீட்டுக்கு, கடுங்குளிரிலும் சதுர மீட்டருக்குச் சுமார் 10 வாட் வெப்பமே போதும் என்பதால், 150 சதுர மீட்டர் வீட்டின் தேவை வெறும் 1.5 கிலோவாட்தான்.

நிலத்தடியில் பதினைந்து மீட்டருக்குக் கீழே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 10 பாகை நிலவுவதால், நிலத்திலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப், உறைபனி நாள்களில் காற்றிலிருந்து எடுப்பதைவிடக் குறைந்த மின்சாரத்திலேயே இயங்கும். வெளியே விசிறிச் சத்தமும் இராது. ஆனால் ஆழ்துளை இடுவது பெருஞ்செலவு. இவ்வளவு சிறிய தேவையுள்ள வீட்டில் மிச்சமாகும் மின்கட்டணம் அச்செலவை ஈடுகட்டுவது அரிது என்பதால், என் தேர்வு காற்று வகையே.

எவ்வகையானாலும், பழைய வீட்டுக் கணக்கில் 10 கிலோவாட் பம்பை வாங்கினால், தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் இருந்தும் அது தன் குறைந்தபட்சத் திறனுக்குக் கீழே இறங்க இயலாமல் அடிக்கடி நின்று நின்று ஓடி, கம்ப்ரசரின் ஆயுளைக் கெடுத்துக்கொள்ளும். விற்பனையாளர்கள் உச்சத் திறனையே பெருமையாகச் சொல்வார்கள். நாம் கேட்க வேண்டியது குறைந்தபட்சத் திறனை. குளியலுக்கு வெந்நீர் போதாது என்ற அச்சமிருந்தால், பம்பைப் பெரிதாக்காமல் வெந்நீர்த் தொட்டியைப் பெரிதாக்கலாம்.