குழாயின் வாயைப் பார்க்காமல் கார் ஷெட் போடாதீர்கள்

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கிறது என் வீடு. 2024 ஜூன் மாதக் கடைசியில் வாசலில் கார் ஷெட் போட்டேன். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் எங்கள் ஊரருகே கரையைக் கடந்தபோது அது என் கார் மேலேயே சாய்ந்து படுத்துக்கொண்டது. போட்டுக்கொடுத்தவரின் பெயரை எழுதப்போவதில்லை, புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. அவர் பார்த்த வேலையை எழுதலாம்.

மூன்று பேரிடம் விலை கேட்டிருந்தேன். இருவர் சதுர அடிக்கு 350 ரூபாய்க்கு மேல் சொன்னார்கள். இவர் 280. கைப்பேசியில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்: நீலக் கூரை, முன்பக்கம் புருவம்போல் வளைந்த விளிம்பு. என் மனைவிக்கு அந்த வளைவு பிடித்துவிட்டது, எனக்கு அந்த விலை பிடித்துவிட்டது. குழாயின் தடிமன் எத்தனை மி.மீ. என்று நானும் கேட்கத்தான் செய்தேன். "எல்லாம் 2 எம்.எம். ஜி.ஐ. சார், ஷீட் 0.5. நீங்கள் கவலையே படாதீர்கள்" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்பினார். ஜி.ஐ. என்றால் துத்தநாகம் பூசிய இரும்பு. பில் கேட்டதற்கு, ஜி.எஸ்.டி. போட்டால் 18 சதவீதம் கூடும் என்றார். வேண்டாம் என்று சொன்னது நான்தான். அந்தப் பழியை வேறு யார் மேலும் போட முடியாது.

வேலை இரண்டே நாளில் முடிந்தது. மூன்றாம் நாள் கணக்கு வந்தது. என் மனத்தில் இருந்தது கார் நிற்கும் இடம்: 12 அடிக்கு 18 அடி, 216 சதுர அடி. அவர் அளந்ததோ ஷீட்டை. 14 அடி நீளம், மூன்றரை அடி அகலம், ஆறு ஷீட், ஆக 294 சதுர அடி. வெளியே நீண்ட பகுதி, ஒன்றன்மேல் ஒன்று ஏறி மறைந்த ஓரம், எல்லாவற்றுக்கும் காசு. 60,480 ரூபாய் என்று நினைத்திருந்தது 82,320 ஆயிற்று. எதை அளந்து பணம் என்பதை முதலிலேயே தாளில் எழுதி வாங்காதவனுக்கு வாதாட என்ன இருக்கிறது? கொடுத்தேன்.

தூண் வைத்த இடமும் கோணல்தான். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் இடிக்கும். காரை உள்ளே நிறுத்தி, நான்கு கதவுகளையும் திறந்துவைத்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு தூணுக்கு இடம் சொல்லியிருக்க வேண்டும். கூரைத் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் கொட்டியது, அதற்குத் தனியாக ஒரு சண்டை. செப்டம்பரில் பற்றவைத்த இடங்களிலெல்லாம் தேநீர் நிறத்தில் கோடு இறங்கியது. ஜி.ஐ. குழாயில் வெல்டிங் வைக்கும்போது அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோய்விடும். கசடைத் தட்டிவிட்டு, துத்தநாகம் கலந்த பெயிண்ட் அடிக்க வேண்டும். இவர் கசடின் மேலேயே வெள்ளி நிறப் பெயிண்டைத் தடவியிருந்தார்.

புயலன்று 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை கொட்டிய ஊர் எங்களுடையது. மின்சாரம் இல்லை. நடு இரவில் வாசலில் ஒரு நீண்ட கிறீச்சொலி, பிறகு கண்ணாடி நொறுங்கும் சத்தம். "தம்பி, போகாதே, ஷீட் பறக்கும்" என்று அம்மா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார்.

காலையில் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தேன். முன்பக்கத் தூண்கள் இரண்டும் அடித்தகட்டோடு பெயர்ந்திருந்தன. போல்ட்டுகள் முறியவில்லை, அப்படியே உருவிக்கொண்டு வந்திருந்தன. விரல் நீளம்தான் ஒவ்வொன்றும். ஒரு போல்ட்டில் பார்க்கிங் டைல்ஸின் துண்டு ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. டைல்ஸ், அதற்கடியில் இரண்டங்குலக் கலவை, அதற்கடியில் மணல். அந்த இரண்டங்குலத்தைப் பிடித்துக்கொண்டுதான் என் ஷெட் அத்தனை நாள் நின்றிருக்கிறது. பக்கங்கள் திறந்த கூரைக்குள் காற்று புகுந்தால், வீட்டுச் சுவரில் முட்டி மேல்நோக்கித் தூக்கும். கூரையைத் தாங்கினால் மட்டும் போதாது, அது எழும்பாமல் இழுத்துப் பிடிக்கவும் வேண்டும் தூண். டைல்ஸை உடைத்து, இரண்டடிக் குழி தோண்டி, கான்கிரீட்டுக்குள் போல்ட்டைப் புதைத்துப் போட்டிருக்க வேண்டிய கால் அது.

வில்லியனூரிலிருந்து ஒரு வயதான வெல்டர் வந்து எல்லாவற்றையும் வெட்டி எடுத்தார். முதல் குழாயை வெட்டியதும் அதன் வாயை என் பக்கம் திருப்பி, தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்தார். 1.2 மி.மீ. "தம்பி, இறக்கும்போது ஒரு குழாயையாவது தூக்கிப் பார்த்தீர்களா?" என்று கேட்டார். இரண்டங்குலச் சதுரக் குழாய், 20 அடி நீளம், 2 மி.மீ. என்றால் ஏறத்தாழ 18 கிலோ இருக்குமாம். 1.2 என்றால் 11 கிலோதான். வெர்னியர்கூட வேண்டாம், கை சொல்லிவிடும். வேலை முடிந்த பிறகு பார்க்கவும் வழியில்லை, முனைகளையெல்லாம் தகடு வைத்துப் பற்றவைத்து அழகாக மூடியிருந்தார்கள். அதைச் சுத்தமான வேலை என்று நான் பாராட்டி வேறு இருந்தேன். ஷீட்டையும் அளந்தார்: 0.35. பேர்பெற்ற நிறுவனங்களின் ஷீட்டில் அடிப்பக்கம் பெயரும் தடிமனும் அச்சாகி இருக்கும். என்னுடையது வெறும் வெள்ளை.

போட்டவரை அழைத்தேன். "புயலுக்கு நான் என்ன சார் செய்வேன், கடவுள் செயல்" என்றார். ஃபெஞ்சல் கரையைக் கடந்தபோது காற்றின் வேகம் மணிக்கு 70 முதல் 80 கி.மீ., இடையிடையே 90. கட்டடங்களுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 புதுச்சேரிக்கு வைத்திருக்கும் அடிப்படைக் காற்று வேகம் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அதில் பாதியைக்கூடத் தாங்காத வேலைக்குக் கடவுளை எதற்கு இழுக்க வேண்டும்? இதைச் சொன்னதும் இணைப்பைத் துண்டித்தார். அதன் பிறகு எடுக்கவில்லை.

காரின் கண்ணாடிக்கும் பானெட்டுக்கும் காப்பீடு வந்தது, ஷெட்டுக்கு ஒன்றும் வரவில்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிய பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்தேன். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. பில் இல்லாத எனக்கு இப்போது கைகொடுப்பது வங்கிக் கணக்கில் போன பணமும், "எல்லாம் 2 எம்.எம்." என்ற அந்தக் குரல் பதிவும், வெட்டி எடுத்த ஒரு முழக் குழாயும்தான். குழாயைப் பழைய துணியில் சுற்றி அலமாரியில் வைத்திருக்கிறேன்.

போன வாரம் நண்பர் ஒருவர் தன் வீட்டுக்கு ஷெட் போட விலை கேட்டிருக்கிறார். வந்த படங்களை எனக்கு அனுப்பினார். மூன்றாவது படத்தில் நீலக் கூரை, வளைந்த விளிம்பு, வலது ஓரத்தில் அம்மாவின் துளசி மாடம். புதுச்சேரிப் பக்கம் யாராவது உங்களிடம் அந்தப் படத்தைக் காட்டி விலை சொன்னால், அந்த ஷெட் இப்போது இல்லை.